நடுவுல துளிர்த்த கட்டை

நற்பிட்டிமுனை,
19.09.2005

என்ட செல்ல மகள் கமீலாக்கு வாப்பா கச்சிமுகம்மது எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல நானும் உன்ட உம்மாவும் இஞ்ச சுகம், நீயும் குவைத்தில சுகமா இரிக்கணும் எண்டு அஞ்சு நேரமும் கேக்கிறம். சுகம் எண்டு எழுதாம கடிதம் தொடங்கப்படாது எண்டு பள்ளிக்கூடத்துல படிச்சுத் தந்தாங்க, அதுக்கு மேல படிக்க விடாம உன்ட மூத்தாப்பா என்னை வயலுக்கு இழுத்துக்கொண்டு போயிட்டார், அதால சுகத்துக்குப் பொறகு வாறதெல்லாம் பிழை பிழையாத்தான் வரும், பொறுத்துக்கோ மகள். டெலிபோன்ல சொல்லலாமே எண்டு நீ நினைப்பாய். கடையில போய் நான் போனை எடுத்தா உன்ட உம்மா என்ட தோளுல நாடியை வெச்சுக்கொண்டு நிக்கிறா, நான் செருமினாலும் என்ன சொல்லுறாள் எண்டு கேக்கிறா, அவவை வெச்சுக்கொண்டு இதைக் கதைக்க ஏலா. உன்னோட வேலை செய்யிற பரீனா லீவு முடிஞ்சு புதன்கிழமை அங்க திரும்பி வாறாவாம், அவட கையில குடுக்கிறன். வழியில பிரிச்சுப் படிக்கப்படாது எண்டு சொல்லித்தான் குடுப்பன், அப்பிடிச் சொன்னா கட்டாயம் படிப்பா, படிக்கட்டும், அவவும் உனக்கு நல்ல புத்தி சொல்லட்டும்.

விசயம் வீட்டு விசயம். சுனாமிக்குப் பொறகு கடற்கரை வளவுல இனி வீடு கட்ட விடமாட்டாங்களாம், கடல்ல இருந்து தூரமாப் போகட்டாம், உனக்குத் தெரியும். அதால உன்ட உம்மாக்கு அவட உம்மா குடுத்த வயலோரக் காணியிலதான் இப்ப தகரக் கொட்டில் போட்டு இரிக்கம். வீடு கட்டித் தாற நிறுவனத்துட பட்டியல்ல உன்ட பேரும் வந்திட்டு. ரெண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, முன்னுக்கு விறாந்தை. குசினி சின்னதுதான். நீ ஆக்குற கறிக்கு அது போதும், சாப்பிட வாறவன் ஓடித் தப்புறத்துக்கு வாசல்தான் பெருசா வேணும் எண்டு எஞ்சினியருக்குச் சொன்னன், அந்தப் பொடியன் சிரிக்காம அதையும் எழுதிக்கொண்டான். ஆனா சிரிப்பு அதோட முடிஞ்சு போச்சு. நோம்பு வாறதுக்குள்ள அத்திவாரம் வெட்டாட்டி பட்டியல்ல அடுத்த பேருக்கு வீடு போயிருமாம். நோம்பு இந்தா வந்திட்டு மகள். எங்கட காணியில இன்னும் ஒரு மண்வெட்டி மண் எடுபடல்ல.

ஏன் எண்டா நடுவுல ஒரு கட்டை நிக்குது. மாசி மாசம் காணி அளக்கக்குள்ள உம்மா சொன்னா, எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள, காணியை ரெண்டாப் பிரிச்சு வேலி போடுங்க, கிழக்குப் பக்கம் மூத்தவள் நப்லாக்கு, மேற்குப் பக்கம் கமீலாக்கு எண்டு. அப்ப, கடல் வந்த அண்டையில இருந்து காணாத உன்ட ராத்தா எந்த ஆசுபத்திரியிலயாவது பேர் சொல்ல ஏலாமக் கிடக்காளோ எண்டு நாங்க அம்பாறை, மட்டக்களப்பு எண்டு திரிஞ்ச காலம். வேணா எண்டு எந்த வாயால சொல்லுற? நம்மட சனத்துல மகள் எண்டா வீடு, வீடு எண்டா மகள்தானே. சரி எண்டு வேலியில நிண்ட பூவரசுல ஒரு தடியை வெட்டி நடுவுல அடிச்சன். காஞ்ச கட்டை தேட எனக்குப் பஞ்சி, அலுப்பு. பச்சைத் தடியை அடிச்ச என்ட புத்தியைப் பாரு. அது வேர் விட்டு, இப்ப இலை விட்டு, என்ட இடுப்பு உசரத்துக்குத் துளிர்த்து நிக்குது. உம்மா சுபஹு தொழுதிட்டு வந்து முதல் வேலையா அதுக்குத்தான் தண்ணி ஊத்துறா. எனக்கு தேத்தண்ணி அதுக்குப் பொறகுதான். பூவரசாப் பொறந்திருந்தா இந்த வயசுல நல்லாக் கவனிப்பு கிடைச்சிருக்கும் எண்டு பகிடி விட்டன், திரும்பியும் பாக்கல்ல.

காணியைப் பாதியா வெச்சுக்கொண்டு அந்த வீட்டைக் கட்ட ஏலா எண்டு எஞ்சினியரும் சொல்லுறான், மேசன் சாலிஹும் சொல்லுறான். நான் கயிறு புடிச்சுப் பாக்காத பக்கம் இல்ல. வீட்டைத் திருப்பிப் பாத்தன், விறாந்தையை வெட்டிப் பாத்தன், பஸ் மாதிரி அறைக்குப் பின்னால அறையா வெச்சுப் பாத்தன். வீட்டுப் படத்தை மாத்த அவங்க விடமாட்டாங்க. கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் நடுவுல இவ்வளவு தூரம் விடணும் எண்டு சட்டமாம். பாதிக் காணியில அந்தத் தூரம் விடுறெண்டா கக்கூசைப் பக்கத்து வயலுக்குள்ளதான் கட்டணும். வயல்காரன் செல்லத்தம்பிக்கிட்ட கேட்டன். தாராளமாக் கட்டுங்க காக்கா, எனக்குப் பசளைச் செலவு மிச்சம் எண்டான். பொறகு கட்டையைப் பாத்தான், உம்மாவைப் பாத்தான், மண்வெட்டியைத் தோளுல வெச்சுக்கொண்டு வயலுக்க இறங்கிட்டான்.

போன கிழமை மருமகன், ராத்தாட மாப்பிள்ளை ஜெஸீம் சம்மாந்துறையில இருந்து வந்தான். தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான், சோறு இறங்கல்ல அவனுக்கு. அங்க ஒரு பொண் பேசியிரிக்காங்களாம், அந்தப் பொண்ட வீட்டுலயே போய் இரிக்கணுமாம், மாமி ஓம் எண்டாத்தான் நான் ஓம் எண்டுவன் எண்டான். உம்மா அவன்ட கோப்பையில மீனைத் தூக்கி வெச்சா. நீ சின்னப் பொடியன் மனே, எத்தினை நாளைக்குத் தனிய இரிக்கப்போறாய், நல்லா இரி எண்டு சொல்லி தலையைத் தடவி விட்டா. அவன் குளறிக் குளறி அழுதான், அவ அழல்ல. அப்ப எனக்கு விளங்கிச்சு மகள், ராத்தா மௌத்து, இனித் திரும்பி வரமாட்டாள் எண்டு அவக்குத் தெரியும், எப்பவோ தெரியும். சரி, இனிக் காரியம் நடக்கும் எண்டு நம்பி விடியப்புறம் மண்வெட்டியோட கட்டைக்கிட்டப் போனன். ஓடி வந்து கட்டையைக் கட்டிப் புடிச்சுக்கொண்டு நிண்டா. மையித்தும் கிடைக்கல்ல, புதைச்ச கபுறு எது எண்டும் தெரியா, என்ட புள்ள எண்டு காட்ட இந்த உலகத்துல எனக்கு இந்த ஒரு சாண் இடம்தான் இரிக்கு, அதையும் புடுங்கப் போறியா கிழவா எண்டா. நாப்பது வருசத்துல என்னை அவ நீ எண்டு சொன்னது அண்டைக்குத்தான். எனக்குப் பகிடி ஒண்டும் வரல்ல. மண்வெட்டியைப் போட்டிட்டு வயல் வரம்புல போய்க் குந்திக்கொண்டு நானும் குளறினன்.

இப்ப மழையும் வரப்போகுது. வயலோரக் காணி, ஒரு மழைக்கே கொட்டிலுக்குள்ள தண்ணி நிக்கும். ராவுல தகரத்துல காத்து அடிச்சாலே உம்மா எழும்பி உக்காந்து கடல் வருது கடல் வருது எண்டு நடுங்குறா. நீ வாற வருசம் அக்ரிமென்ட் முடிஞ்சு வந்தா எந்த வாசலுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போற? வீடு இல்லாத பொண்ணுக்கு ஆர் மாப்பிள்ளை தாற? நான் எத்தினை நாளைக்கு இரிப்பன்? பகிடி விடுறவன் கெதியாச் சாகமாட்டான் எண்டு சொல்லுவாய், நெஞ்சு அப்பிடிச் சொல்லல்ல மகள், படியேறினா முட்டுது.

முந்தாநாள் உம்மாட காலைப் புடிக்காத குறையாக் கேட்டன். என்னதான் செய்யச் சொல்லுறாய் அஸீஸா எண்டு. அதுக்கு அவ சொன்னா, வீடு கமீலாக்குத்தானே, அவள்ற ராத்தா எங்க நிக்கணும் எண்டு அவளே சொல்லட்டும், அவள் சொன்னா வேரோட மண்ணோட என்ட கையால தோண்டிக் கொண்டுபோய் வைக்கிறன், நீங்களோ சாலிஹோ கை வெச்சா நான் இந்தக் காணியை விட்டே போயிருவன் எண்டா.

அதுதான் மகள் இந்தக் கடிதம். வாற வெள்ளி ஜும்ஆ முடிய உம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவன், நீ எப்பிடியாவது அந்த நேரம் எடு. சாப்பிட்டீங்களா உம்மா எண்டு முதல்ல கேள், பொறகு ஒரு இடம் சொல்லு. படலைக்குப் பக்கத்துல எண்டாலும் சரி, கிணத்தடி எண்டாலும் சரி, நீ படுக்கிற அறை யன்னலுக்கு நேரா எண்டாலும் சரி, எங்க சொன்னாலும் வீட்டுக்கு இடம் வரும், நான் கயிறு போட்டுப் பாத்திட்டன். இப்ப நிக்கிற இடத்துலயே நிக்கட்டும் எண்டு மட்டும் சொல்லிப்போடாத. உன்ட மனசு அப்பிடித்தான் சொல்லும், எனக்குத் தெரியும், என்ட மனசும் அதைத்தான் சொல்லுது. அப்பிடிச் சொன்னா எங்கட ரெண்டு புள்ளைக்கும் வீடு இல்லாமப் போயிரும்.

அல்லாஹ் உன்ட கைகாலுக்கு வலிமையும், வேலை செய்யிற வீட்டாக்களுக்கு இரக்கமும் குடுக்கட்டும். வெயிலுக்க போகாத, நேரத்துக்குச் சாப்பிடு, உன்ட கையால ஆக்காத, கடையில வாங்கிச் சாப்பிடு. சொல்லக்குள்ள மட்டும் அழுதுபோடாத மகள். நீ அழுதா உம்மா கட்டையை விடமாட்டா, நானும் விடச் சொல்லமாட்டன்.

உன்னை எண்ணி துஆக் கேக்கிற
வாப்பா
கச்சிமுகம்மது