நோன்பு பிடித்த ருமேனியாக்காரர்

நேற்றுப் பின்னேரம் கொம்பனித்தெருவால் திரீவீலரில் வந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசலடியில் ஒரே நெரிசல். வாளி, தூக்குச்சட்டி, பிளாஸ்டிக் போத்தல் என்று கையில் அகப்பட்டதோடு சனம் வரிசையில் நிற்க, பெரிய கிடாரத்திலிருந்து நோன்புக் கஞ்சியை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இஞ்சியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரீவீலர்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். செத்துப்போன ஒரு ருமேனியாக்காரரை நினைத்துச் சிரிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கிருலப்பனையில் இறங்கும்வரை வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

உம்முடைய மகள் இரண்டு மாதத்துக்கு முன் செய்தி அனுப்பியிருந்தாள். பனி விழுந்த ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டீராம். அழத்தான் நினைத்தேன். ஆனால் உம்மை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமை, அதை நினைத்துக்கொண்டு யாராலும் அழ முடியாது. ஆகவே எழுதுகிறேன். உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது பெரிய குறையில்லை. தெரிந்த மொழியில் நான் எழுதித் தந்த அறிக்கைகளையே நீர் ஒருநாளும் வாசித்ததில்லை.

நீர் வந்திறங்கியபோது எங்கள் கொட்டாஞ்சேனை உதைபந்தாட்டக் கழகம் இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்தது. மைதானத்தில் புல் பாதி, புழுதி பாதி. தலைவர் இரும்புக்கடை முதலாளி. மலிவாக ஒரு வெள்ளைக்காரர் கிடைக்கிறார் என்று மாலைதீவில் யாரோ சொல்ல, உம்மை வரவழைத்துவிட்டார். நான் பழைய கோல்கீப்பர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் ஓடும் என்பதால் என்னை உம்முடைய உதவிப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். நீர் பேசியது பாதி இங்கிலீஷ், கால்வாசி சிங்களம், மிச்சம் கை. அதை நான் என் தமிழில் போட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் நினைவிலும் நீர் என் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறீர். யாரோ பகிடிக்குக் கற்றுக்கொடுத்த ‘மச்சான்’ என்ற சொல்லைத் தலைவர் முதல் பொலிஸ்காரர்வரை எல்லோருக்கும் வைத்தீர். பதிலுக்கு நான் உம்மைச் சினேகிதர்களை அழைப்பதுபோல ‘நீர்’ என்று அழைத்தேன். அதில் என்ன உரிமை இருக்கிறதென்று உமக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் உமக்கு அனெக்ஸ் பிடித்துக் கொடுத்தோம். ரயில் போனால் கட்டில் ஆடும். பின்னேரங்களில் மரைன் டிரைவ் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு கச்சான் கடலை கொறிப்பீர். உங்கள் ஊரில் ஆட்டம் பார்க்கிறவர்கள் சூரியகாந்தி விதை கொறிப்பார்களாம், அது இங்கே கிடைக்காத கவலை உமக்குக் கடைசிவரை இருந்தது. அங்கே இருந்துதான் உம்முடைய கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர். நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத்துக்குள், நீர் சுரங்கத்து அணியில். பதினேழு வயதில் இடது பக்கத் தடுப்பு வீரர், பிறகு தலைநகரில் ஒரு பெரிய கழகம். நாட்டின் சட்டையைப் போட்டு ஆடியது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசிப் பதினொரு நிமிடம். “பந்து என்னட்ட மூண்டு தரம் வந்தது. மூண்டு தரமும் சரியான ஆளுக்குக் குடுத்தன்” என்று சொல்லும்போது உம்முடைய நெஞ்சு தானாக நிமிரும். அடுத்த வருடம் முழங்கால் போனது. விளையாடியவர் பயிற்சியாளரானீர். சொந்த நாட்டில் மூன்று கழகங்கள் உம்மைத் துரத்தின. அதில் ஒன்று திரும்பக் கூப்பிட்டு இரண்டாம் தரமும் துரத்தியது. அதற்குப் பிறகு வளைகுடா, மாலைதீவு, கடைசியில் நாங்கள். இங்கேயும் துரத்திவிட்டால் அதோடு சரி, இந்த வயதில் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று கச்சான் கோதை ஊதிவிட்டு நீரே சொன்னீர்.

இரண்டாம் வருடம் எங்களை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தினீர். ஓர் ஆட்டம் வென்றால் முதலாம் பிரிவு. கழகத்தின் வரலாற்றில் நடக்காத விஷயம். ஆனால் அந்த ஆட்டம் ரமழான் மாதத்தின் நடுவில், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விழுந்தது. எங்கள் கேப்டன் ரிஸ்வானும், அவனோடு கொம்பனித்தெருவிலிருந்து வரும் இன்னும் இரண்டு பேரும் நோன்பு. அணியில் நன்றாக ஆடும் மூன்று பேர் யார் என்று கேட்டால் அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் ஒரு வெள்ளை உறையை மேசையில் வைத்தார். உள்ளே அடுத்த திங்களுக்கான விமான டிக்கட், உம்முடைய பெயரில். வென்றால் கிழித்துவிடலாம், தோற்றால் ஏறிவிடலாம் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காதவர்களை வைத்து ஓடமுடியாது, அந்த மூன்று பேரும் அணியிலேயே வேண்டாம், சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். உம்மைத் தவிர எல்லாரும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். உமக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உமக்கு எதிராக உயர்த்தினேன். அதை எந்த மொழியிலும் போட்டுச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

நீர் கோபிக்கவில்லை. “நான் பிடிச்சுப் பாக்காத நோன்பைப் பற்றி நான் எப்பிடிக் கதைக்கிறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தாங்கோ” என்றீர். தலைவர் சிரித்துவிட்டு, பிடித்துப் பாரும் என்றார். வெளியே வந்ததும் என் தோளில் தட்டினீர். “நீ கீப்பர், மச்சான். கீப்பர் எண்டால் பயப்பிடத்தான் வேணும்.” எனக்கு வந்த வெட்கத்துக்கு நீர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு நீர் ஒரு பார்சலோடு வந்தீர். மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து அதைப் பிரித்தீர். உள்ளே பாணும் பருப்பும். நோன்பு பிடித்திருந்த மூன்று பேருக்கும் முன்னால் சாவகாசமாகப் பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, நானும் நோன்புதான், பார், பட்டர் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை என்று பெருமையோடு காட்டினீர். உம்முடைய அம்மா ஈஸ்டருக்கு முன் பிடிக்கும் நோன்பு அப்படித்தானாம். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடாமல், அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் வயிறு நிறையச் சாப்பிடலாமாம். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை விரதமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு முஸ்லிம்களின் நோன்பு என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முதல்நாள் கூட்டத்து வெட்கம் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்கும் ஆசை ஒரு பக்கம்.

ரிஸ்வான்தான் பக்கத்தில் வந்து குந்தி மெதுவாகச் சொன்னான்.

“கோச், எங்கட நோம்பு அப்பிடி இல்ல. விடியமுந்தி தொடங்கினா பொழுதுபட்டுப் பாங்கு சொல்ற வரைக்கும் ஒண்டும் ஏலா. தண்ணியும் ஏலா.”

நீர் பாணைப் பார்த்தீர், அவனைப் பார்த்தீர். பிறகு மேல்பையைத் தொட்டு, “சிகரட்?” என்றீர்.

“அதுவும் ஏலா, கோச்.”

நாலு தரம் கழகத்துக் கதவு சாத்தப்பட்டபோதும் உம்முடைய முகம் அப்படி விழுந்திருக்காது. மிச்சப் பாணைக் காகத்துக்குப் போட்டீர். இன்றைய நாள் கணக்கில் இல்லை, நாளை முதல் என்று அறிவித்தீர். அன்று பயிற்சி முழுக்க மூன்று பேரும் சிரித்துச் சிரித்தே களைத்தார்கள்.

செவ்வாய் தொடக்கம் வெள்ளிவரை நீர் பிடித்த நோன்பை நான் கண்ணால் பார்த்தேன். கச்சான் இல்லாத கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, காற்சட்டைப் பைக்குள் விட்டீர், எடுத்தீர். ஆட்டம் தொடங்கும் அதே நாலு மணிக்கு, கெட்டுப்போன முழங்காலோடு அவர்களுடன் சேர்ந்து ஓடினீர். அரைமணிக்கு ஒரு தடவை தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியில் எதையோ கிறுக்கினீர். புதன்கிழமை கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, போதும், விடும் என்று கெஞ்சினேன். நீர் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கொப்பியை என் மடியில் போட்டீர்.

“மூண்டரையில இருந்து அஞ்சு மட்டும் நான் செத்தவன். அஞ்சுக்குப் பிறகு என்னவோ நடக்குது, மச்சான். உடம்பு லேசாகுது, கண் தெளியுது. நாலு நாளும் அப்பிடித்தான். முதல் பாதி அவங்கள் வாங்கில இருக்கட்டும். ரெண்டாம் பாதி அவங்கட.”

சனிக்கிழமை மூன்று பேரும் வாங்கில் இருந்தார்கள். தலைவர் தன் சொல் எடுபட்டதென்று பந்தலிலிருந்து திருப்தியோடு தலையாட்டினார். முதல் பாதியில் எங்கள் வலையில் ஒரு கோல் விழுந்தது. ஐந்து மணிக்கு இரண்டாம் பாதி தொடங்கியபோது நீர் மூன்று பேரையும் ஒரேயடியாக இறக்கினீர். பந்தலிலிருந்து தலைவர் ஓடி வந்தார். உம்மிடம் வரவில்லை, என்னிடம் வந்து, இது என்ன விசர்க் கூத்து, அந்த ஆளிடம் கேள் என்று கத்தினார். நான் உம்மிடம் கேட்கவில்லை. “ஐயா, அவர் பிடிச்சுப் பார்த்தவர். நீங்களும் நானும் பார்க்கேல்லை” என்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உம்முடைய சொல்லை மொழிமாற்றிச் சொல்லாமல் என்னுடைய சொல்லைச் சொன்னேன். அவர் பந்தலுக்குத் திரும்பாமல் கோட்டடியிலேயே நின்றுவிட்டார்.

களத்தில் அந்த மூன்று பேரும் ஆடிய ஆட்டத்தை நான் என்னவென்று எழுதுவது? முதல் பாதியில் ஓடி ஓடிக் களைத்த எதிரணிக்கு நடுவில் அவர்கள் புதுசாக ஓடினார்கள். அரைமணியில் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே மேலதிக நேரத்துக்குப் போனது. அதன் இரண்டாம் பாதியில், வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும்போது, பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பந்து வெளியே போயிருந்தது. நீர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பேரீச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக நொண்டி நொண்டி ஓடினீர். ஒருவனுக்கு ஒன்று, ஒரு மிடறு தண்ணீர், போ போ என்று தள்ளிவிட்டீர். ரிஸ்வானுக்குக் கொட்டையைத் துப்ப நேரமில்லை. எறிந்த பந்து இடது பக்கத்தால் சுற்றி அவன் காலடிக்கு வந்தது. ஒரே அடி. வலை எழும்பி விழுந்த பிறகுதான் அவன் கொட்டையைத் துப்பிவிட்டுக் கத்தினான். கொழும்பில் யார் யாரோ எத்தனையோ கோல் அடித்திருப்பார்கள். வாயில் பேரீச்சங்கொட்டையோடு அடித்தவன் எங்கள் ஆள் மட்டும்தான் என்று இன்றைக்கும் யாரோடும் பந்தயம் கட்டுவேன்.

விசில் ஊதியதும் மைதானம் சனத்தால் நிறைந்தது. உம்மைத் தேடினேன். வாங்குக்குப் பின்னால் நிலத்தில் இருந்தீர். அன்றைக்கும் நோன்பு பிடித்திருந்தீர்; எல்லோருக்கும் கொடுத்தவர், நீர் இன்னும் நோன்பு திறக்கவில்லை. ரிஸ்வான் ஒரு கோப்பைக் கஞ்சியைக் கொண்டுவந்து உம்முடைய கையில் வைத்தான். சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டீர். கண்ணில் தண்ணீர் வடிய, இஞ்சி கூடிப்போய்விட்டது என்றீர். நான் அதை ஒருவருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

தலைவர் வெள்ளை உறையோடு வந்தார். எல்லோரும் பார்க்கக் கிழிக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினீர். டிக்கட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்று வாங்கி, என் பேனையைக் கேட்டு, அங்கேயே நிலத்தில் இருந்தபடி முதலாம் பிரிவுக்கான அணியை எழுதத் தொடங்கினீர். அந்த அணியோடு நாலு வருடம் மேலே நின்றோம். பெரிய பெரிய கழகங்களெல்லாம் எங்கள் புழுதியில் வந்து தோற்றுவிட்டுப் போயின. அதன்பின் முழங்கால் உம்மை வீட்டுக்கு அனுப்பியதே தவிர, எந்தக் கழகமும் உம்மைத் துரத்தவில்லை.

இப்போது அந்த அணிக்கு நான் பயிற்சியாளர். எனக்கு அறுபத்தொரு வயது. எங்கள் நடுக்கள வீரன் யோகன் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவன். புறக்கோட்டையில் விடியற்காலை தொடங்கிப் பதினொரு மணிவரை மூட்டை இறக்குகிறான். மூட்டை தூக்குகிறவன் பின்னேரம் என்னத்தை ஓடுவான், வரும் ஞாயிறு ஆட்டத்துக்கு அவன் வேண்டாம் என்று குழு முடிவெடுக்கப் பார்த்தது. நான்கு நாள் அவகாசம் கேட்டேன். அடுத்த மூன்று விடியற்காலையும் புறக்கோட்டைக்குப் போய் அவனோடு வெங்காய மூட்டை இறக்கினேன். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் மனைவி மூன்று நாளும் எண்ணெய் தேய்த்துவிட்டு, உமக்கும் சேர்த்துத் திட்டினாள்.

நாலாம் நாள் கூட்டத்துக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்குக் கால் கல்லாகக் கனக்கும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பினால் மூன்று மணிக்கு ஓடலாம், நான் ஓடினேன் என்றேன். “அதெப்படி உமக்குத் தெரியும்?” என்று புதிய தலைவர் என்னைக் கேட்டார். சேர்ட்டைக் கழற்றி, மூட்டை உராய்ந்து தடித்திருந்த முதுகைக் காட்டினேன்.

யோகன் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறான்.