உங்கள் ஸ்பீக்கர் எரியவில்லை

உங்கள் பாட்டுச் செட்டை இன்று காலை போட்டேன். கொஞ்சம் சூடேறியதும் தூசு கருகுகிற அந்தப் பழைய மணம் வந்தது. நீங்கள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்த மணம் வந்ததும், "கையக் கழுவிட்டியா?" என்று பின்னால் நின்று கேட்கப்போகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெட்டியின் பக்கம் போகும்போதெல்லாம் என் காதில் விழுந்த கேள்வி அது. சோற்றில் கை வைக்கும்போது நீங்கள் அவ்வளவு அக்கறையாகக் கை கழுவியதை நான் கண்டதில்லை.

இன்று மத்தியானம் உங்கள் தம்பி சின்ன லொறியோடு வந்து செட்டைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தபோதே அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். போன கிழமை போனில் கேட்டே விட்டார். "வீடு வளவெல்லாம் உங்கட சீதனம் மச்சாள், அதில நாங்க கண் வைக்கப் போறதில்ல. செட் அண்ணன் எங்கட வீட்டில இருந்து கொண்டு வந்த சாமான்தானே" என்றார். கொண்டுபோங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஹோலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டிகள் தொலைந்தால் என் தையல் மெசினுக்காவது இடம் கிடைக்கும்.

ஆனால் அது வாசலைத் தாண்டும் முன் எனக்கு ஒரு வேலை இருந்தது. என் எம்பித்ரீ பிளேயரை அதில் கொழுவி ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும். பாட்டின் மேல் உள்ள ஆசையினால் இல்லை. நீங்கள் கடைசி வரைக்கும் விடவில்லை என்பதால்.

கல்யாணம் முடிந்த கிழமை அந்தச் செட் வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் இரண்டு ஸ்பீக்கர்களையும் நிறுத்தி, செங்கலடியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தீர்கள். மாப்பிள்ளை நெல்லோடு வருகிறார் என்று நினைத்து என் அம்மா முற்றத்தில் சாக்கு விரித்து வைத்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் திறப்பதற்குக் கடிதம் எழுதுகிற உத்தியோகத்தர் நீங்கள், உங்களுக்கு எங்கே நெல்? எல்லாவற்றையும் இறக்கி, வயர்களைக் கொழுவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்: "இந்த வீட்டில இது மட்டும்தான் என்ட."

எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களும் பெண் வீட்டுக்குத்தான் வந்து சேருகிறார்கள். உடுப்புப் பெட்டியோடு வருவார்கள், நாலு நாளில் பழகிவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஒரு நாட்டுக்கு ராசா மாதிரி ஹோலின் நடுவில் எல்லை போட்டீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் ஒரு கதிரை. அதில் நீங்கள் மட்டும் இருக்கலாம், அல்லது உங்கள் எடுப்பைப் பார்க்க வந்த விருந்தாளி இருக்கலாம். எனக்கு வாய்த்தது இடப்பக்கச் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரை. ஒரு ஸ்பீக்கரின் சத்தம்தான் அதில் ஒழுங்காக விழும். சீதன வீட்டுக்காரியான நான் என் வீட்டில் பாதிப் பாட்டுக் கேட்டேன்.

விருந்தாளிகளுக்கு நீங்கள் பாட்டுப் போட்டதும் இல்லை. ரயில் போட்டீர்கள். இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் போய் மறைகிற ஒரு ரயிலின் சத்தம். வந்தவர் நடுக்கதிரையில் உட்கார்ந்து தலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்புவார். நீங்கள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, "தெரியுதா? இப்ப நெஞ்சுக்கு நேர போகுது" என்பீர்கள். அந்த ரயில் எங்கள் வீட்டுக்குள் ஓடிய ஓட்டத்துக்குக் கொழும்புக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கலாம். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு அது போய் முடியும் வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். கோப்பைச் சத்தம் கேட்டால் உங்கள் புருவம் சுருங்கும்.

ஒரு மார்கழியில் ஆற்றுப் பக்கத்திலிருந்து வெள்ளம் ஏறி வந்தது. தண்ணீர் படியைத் தொட்டதும் நீங்கள் முதலில் தூக்கியது பிள்ளையை இல்லை. ஸ்பீக்கர்களைக் கட்டிலில் படுக்க வைத்து, என் கூறைச் சேலையால் மூடினீர்கள். நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் குந்தியிருந்தோம். அவள் அப்போது சின்னப்பிள்ளை. "அம்மா, ஸ்பீக்கருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் பிளேயர் வந்தது. கட்டாரிலிருந்து லீவில் வந்த என் தம்பி தந்தது. விரல் நீளம், ஒரு சின்னப் பற்றரி போதும். மருந்துக் கடை வேலைக்கு நான் தினமும் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் வந்ததால், அந்த நெரிசலுக்குள் அது எனக்குப் பெரிய ஆறுதல். பாட்டு ஏற்றித் தருகிற கடைக்குக் கொண்டுபோய், காதல் பாட்டு, அழுகிற பாட்டு, ஆடுகிற பாட்டு எல்லாவற்றையும் கலந்து நிரப்பிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஒரு சந்தோசத்தில் உங்களிடம், இதை உங்கள் செட்டில் கொழுவலாமா என்று கேட்டேன்.

நீங்கள் அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தீர்கள். "இது பஸ் பாட்டு. அமுக்கி அமுக்கிச் சாறெல்லாம் போய்ச் சக்கைதான் கிடக்கு. இதக் கொழுவினா என்ட ஸ்பீக்கர் எரிஞ்சிரும்."

"பாட்டுக் கேட்டு ஸ்பீக்கர் எரியுமா?" என்றேன்.

"உனக்கு விளங்காது."

அதோடு நின்றீர்களா? வருகிறவர்களுக்கெல்லாம் அது ஒரு கதையாகிப் போனது. ரயில் போய் முடிந்ததும், "இவ இந்தத் தீப்பெட்டிய என்ட செட்டில கொழுவட்டாம்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவேன். சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூட வயர் கொழுவுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எனக்கு அப்போதே தெரியும். உங்களுக்குத் தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன்.

இன்று காலை செட்டைச் சுவரிலிருந்து இழுத்தேன். கடலுப்பும் ஆற்றுக் காற்றும் சேர்ந்து பின்பக்கத்தில் வயர் செருகுகிற ஓட்டைகளில் பச்சை பிடித்திருந்தது. ஒரு சோடி ஓட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வயர் ஏற்கெனவே கொழுவிக் கிடந்தது. அதன் மறு நுனி, காதில் வைக்கிற வயரின் முனையைப் போல ஒற்றைக் குச்சி, இடப்பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தது. டிவிக்காக நீங்கள் போட்டு வைத்தது என்று நினைத்தேன். என் பிளேயரில் செருகிப் பார்த்தேன். பொருந்தியது. இவ்வளவுதான் காரியம். இதற்காகவா இத்தனை வருடம் பயங்காட்டினீர்கள் என்று வாய் விட்டே சொன்னேன்.

பாட்டு வந்தது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. செட்டில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. திருகோணமலையில் வேலை பார்க்கிற மகளுக்குப் போன் போட்டேன்.

"பிளேயர்ல சத்தத்த முழுசாக் கூட்டி வைங்கம்மா. செட்டில குறைச்சு வைங்க. அப்பத்தான் இரைச்சல் இல்லாம வரும். அப்பாவும் அப்பிடித்தான் வைக்கிறவர்."

சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. நான் பிளேயரின் பொத்தானை முழுசாகத் தள்ளினேன். பாட்டு வீடு முழுக்க நிறைந்தது. என் விரல் அந்தக் கடைசிக் கோட்டிலேயே நின்றது. எனக்கு அந்தக் கோடு தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கோயிலுக்குப் போவேன். பிளேயர் வீட்டில் கிடக்கும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிக் காதில் வைத்து அமத்தினால் இடி விழுந்த மாதிரி காது அடைத்துப்போகும். சத்தம் எப்போதும் கடைசிக் கோட்டில் நிற்கும். வீட்டுக்கு வந்து மகளைப் பிடிப்பேன். "என்ட சாமானத் தொடாத எண்டு எத்தின தரம் சொல்லுற புள்ள?" அவள், நான் இல்லை அம்மா என்பாள். பொய்யும் சொல்கிறாய் என்று இன்னும் இரண்டு ஏச்சு விழும். நீங்கள் நடுக்கதிரையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். ஒருநாள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "சின்னப்பிள்ளைதானே, விடு" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னீர்கள். வெட்கமில்லையா உங்களுக்கு? ஒரு பிள்ளையைக் கள்ளியாக்கிவிட்டு அவளுக்குப் பரிந்து பேசிய பெரிய மனிதர்.

கள்ளவேலை செய்யவும் கொஞ்சம் கெட்டித்தனம் வேண்டும். கூட்டியதைக் குறைத்து வைக்கக்கூட உங்களுக்குத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று போனில் கேட்டேன்.

"ஓம் அம்மா. ஒருக்கா வகுப்பால வெள்ளன வந்திட்டன். கண்டிட்டன். அம்மாக்குச் சொல்லாத மகள் எண்டவர்." கூடவே, "பாவமா இருந்திச்சு" என்றாள்.

யாரைப் பார்த்துப் பாவம் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் உங்கள் தம்பி வந்தார். லொறியில் வைக்கோல் பரப்பியிருந்தது. உங்கள் குடும்பத்துக்கு இந்த வைக்கோலை விட்டால் வேறு யோசனை கிடையாது. உள்ளே வந்தவர் நேராக நடுக்கதிரையில் இருந்தார். செட்டின் மேல் என் பிளேயரும் வயரும் கிடப்பதைக் கண்டதும் துள்ளி எழும்பினார்.

"என்ன மச்சாள் இது? இந்தச் சாமானையா கொழுவியிருக்கிறீங்க? ஸ்பீக்கர் எரிஞ்சிருமே. அண்ணன் இருந்தா விடுவாரா?"

"உங்கட அண்ணன்தான் கொழுவினவர்."

"பகிடி விடாதீங்க."

"பின்னால போய்ப் பாருங்க. எல்லா ஓட்டையும் பச்ச பிடிச்சுக் கிடக்கு, அது மட்டும் மினுங்குது. நான் கோயிலுக்குப் போன நேரமெல்லாம் இந்தச் சக்கையத்தான் கேட்டவர்."

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்தும் நம்பவில்லை. "அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளில்ல. செத்தவர்ட பேரக் கெடுக்காதீங்க மச்சாள்" என்று சொல்லிக்கொண்டே வயரைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "செட் எங்கயும் போகாது."

"நீங்கதானே தாறன் எண்டு சொன்னீங்க."

"ஓம், சொன்னன். இப்ப இல்ல எண்டும் நான்தான் சொல்லுறன்."

பாசம் பொங்கி மறித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதை அவர் கொண்டுபோனால் அந்த வயர் முதல் வேலையாகக் கழற்றப்படும். பிறகு செங்கலடியில் அவர் வீட்டில் ரயில் ஓடும். வருகிறவர்கள் தலையைத் திருப்புவார்கள். தீப்பெட்டிக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்கள் அங்கே என்றைக்கும் சுத்தமான ரசிகராக இருப்பீர்கள். அந்தச் சுகத்தை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. உங்கள் பொய் இந்த வீட்டிலேயே, பச்சை பிடிக்காத அந்த இரண்டு ஓட்டைகளோடு, என் கண் முன்னால் கிடக்கட்டும். உங்கள் தம்பி தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வைக்கோலோடு திரும்பிப் போனார்.

செட் போகவில்லை என்று சொல்லப் பின்னேரம் மகளுக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். அவளுக்கு அதில் சந்தோசம். என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தாளோ தெரியாது, நான் கேட்காததையும் சொன்னாள்.

"உங்கட பாட்டுக் கேக்கேக்க அப்பா நடுக்கதிரையில இருக்கமாட்டார் அம்மா. உங்கட பிளாஸ்டிக் கதிரையிலதான் இருப்பார். ஏன்ப்பா அதில இருக்கிறீங்க எண்டு கேட்டன். 'கொம்மா இதில இருந்துதானே கேக்கிறவ, அவக்கு எப்பிடிக் கேக்குதெண்டு பாக்கிறன்' எண்டவர்."

அந்தப் பிளாஸ்டிக் கதிரையைப் பார்த்தபடி நடுக்கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்டிருக்கலாமே. மற்ற நாளெல்லாம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில்தானே இருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் கதிரையில் இருந்து நான் பாதியாகக் கேட்டது உங்கள் பாட்டுகளைத்தான். என் பாட்டுகளை நான் பஸ்ஸில் இரண்டு காதிலும் வைத்து முழுதாகவே கேட்டேன். இவ்வளவு வருடம் ஒளித்து ஒளித்து என் பாட்டைப் பாதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள்தான். அதையும் பிழையாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி, புருவம் சுருங்குகிறதைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. அந்த ஏச்சு இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. வேறு யாரிடமும் கொட்டித் தீர்க்க முடியாத ஏச்சு அது. பிளாஸ்டிக் கதிரையை நான் இருக்கிற நடுக்கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது இரண்டு ஸ்பீக்கரும் எரிகிற அளவுக்குப் பாடுகின்றன. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகப்போவதில்லை.