கழுவாமல் கிடந்த கீரித் தகடு

அப்பா, குளியலறை முழுக்க வினாகிரியின் புளிப்பு மணம். படம் கழுவும் மூன்று தட்டங்களில் நடுவிலுள்ளதில், மருந்தின் வேலையை நிறுத்த, நீங்கள் செய்வதுபோலவே தென்னை வினாகிரி ஊற்றியிருக்கிறேன். ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் சுற்றி, அந்த வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா நித்திரை. துணிவு வரும்வரை எழுதலாம் என்று இருக்கிறேன்.

நீங்கள் கண்மூடியபின் அம்மா கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. "அதை வெளியில எடுக்காத பிள்ளை, எனக்குப் பார்க்கேலாது" என்றா. ஆனால் கீரிக் கடற்கரையில் எடுத்த கண்ணாடித் தகடு கழுவாமல் அதற்குள்ளேயே கிடந்தது. போத்தலில் இருக்கும் படம் கழுவும் மருந்தோ பழுப்பாகத் தொடங்கிவிட்டது. இனியும் பிந்தினால் உதவாது. அதனால்தான் சாவியை எடுத்தேன்.

கடற்கரையில் அந்தப் பின்னேரம் கமராப் பெட்டியின் முன்பலகையை இறக்கி, கறுப்புத் தோல் துருத்தியை இழுத்து, முக்காலியில் பூட்டினீர்கள். யேர்மனியில் செய்து, தனுஷ்கோடிக் கப்பலில் தலைமன்னாருக்கு வந்த பெட்டி என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். பின்பக்க மங்கல் கண்ணாடியில் பார்த்தேன். வானம் கீழே, நீங்களும் அம்மாவும் தலைகீழ்.

"இண்டைக்கு நீ விசையை அமத்து. நான் அம்மாவோட நிக்கிறன்."

"கலியாணத்துக்குப் பிறகு இப்பதான் பக்கத்தில வாறார்" என்றா அம்மா.

"கதைக்காதையும், படம் ஆடிப்போகும்."

அந்த நேரம் பார்த்து ஒரு கழுதை வந்து உங்கள் பின்னால் நின்றது. அம்மா சிரித்தா. நானும் சிரித்துக்கொண்டே அமத்தினேன்.

இப்போது பயம் அதுதான். தகட்டுக்கூட்டைச் செருகியபின் அதன் மூடியை இழுத்துவிட்டுத்தான் அமத்த வேண்டும். இழுக்காவிட்டால் தகட்டில் வெளிச்சமே விழாது. இழுத்தேனா? எவ்வளவு யோசித்தாலும் கழுதைதான் ஞாபகம் வருகிறது. உங்கள் கலியாணப் படம், போரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோய்விட்டது. நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேறு இல்லை.

தகட்டை மருந்துக்குள் போடப்போகிறேன்.

போட்டதும் அம்மா கதவைத் தட்டினா. "உள்ளுக்கு என்ன செய்யிறாய்?"

"திறக்காதேங்கோ அம்மா. அப்பான்ர தகடு."

ஏசுவா என்று நின்றேன். ஆனால் கதவின் கீழ் தெரிந்த வெளிச்சக் கோடு அணைந்தது. விறாந்தை லைற்றை அம்மாவே நிற்பாட்டியிருக்கிறா.

"அவர் தெரியிறாரோ?"

தகட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும்; முதலில் வானம் கறுத்தது. பிறகு உங்கள் வெள்ளைச் சேட்டு கறுப்பாக ஊறி வந்தது. அதை ஒட்டி அம்மா.

"ஓம் அம்மா. ரெண்டு பேரும் நிக்கிறியள்."

படம் நிலைப்பதற்காகத் தகடு இப்போது கடைசித் தட்டத்தில் கிடக்கிறது. அம்மா இருட்டில் கதவோடு சாய்ந்து இருக்கிறா. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா.

"கொஞ்சம் பொறுங்கோ" என்கிறேன். நீங்கள் உள்ளிருந்து சொல்வதுபோலவே வருகிறது அப்பா.