ஒன்றரைப் புருவக்காரி

விடுதி,
ஜனவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமில்லை. நீங்கள் நலமாக இருந்தால் தயவுசெய்து அதை நிறுத்திக்கொள்ளவும். இருபதாம் தேதி விடுதி விழா. அதற்கு முன்னால், "அத்தை படுத்த படுக்கை, பெண்ணை உடனே அனுப்பவும்" என்று வார்டனுக்கு எழுதிவிடுங்கள்.

விஷயம் இதுதான். விழா மேடையில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள், பதினோராம் வகுப்பான எங்களுக்கு ஆளுக்கொரு பட்டம் கொடுப்பார்கள். சிவப்பு நாடாவில் எழுதி, தோளில் குறுக்காகப் போட்டுவிடுவார்கள். குனிந்து "நன்றி அக்கா" சொல்லிவிட்டு, விழா முடியும்வரை அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முகராணி, மூக்கழகி, பூசணி, ஒட்டடைக்குச்சி என்று எல்லாம் உண்டு. டீச்சர்கள் "பிள்ளைங்க விளையாட்டு" என்பார்கள். ஆனால் அன்றைக்குப் பூசணியானவள் பள்ளியை விட்டுப் போகும்வரை பூசணிதான்.

நாடாவில் எழுத்து தைப்பது தையல் வகுப்பு, அதாவது நான். நேற்று என் பட்டம் தைக்க வந்தது: "பரவாயில்லை."

அத்தை, அசிங்கம் என்று போட்டிருந்தால்கூட ஒருமூச்சு அழுதிருப்பேன். பரவாயில்லைக்கு எப்படி அழுவது? நேற்று மீந்த குழம்பை மோந்து பார்த்துச் சொல்கிற வார்த்தையல்லவா அது! அதை என் கையாலேயே தைக்கிறேன். "ப" முடிந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். "பரவாயில்ல, விடு" என்பாள்.

உங்கள் நோயை எதிர்பார்க்கும்,
மருமகள்

அழகு நிலையம்,
ஜனவரி 9

என் செல்ல மருமகளே,

நோய் வேண்டும் என்றாயே தவிர, எந்த நோய் என்று சொல்லவில்லையே! மாரடைப்பு என்று எழுதலாம். உன் அப்பா நம்பிவிடுவான். அப்புறம் நான் நன்றாக இருப்பது தெரிந்தால் பாவம், ஏமாந்துபோவான்.

உன் கதையைப் பார்லரில் ரகசியமாகத்தான் சொன்னேன், நாலு நாற்காலிக்குக் கேட்கும்படி. பாதி முடி வெட்டியிருந்த பேங்க் மேனேஜரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "என்னை ஸ்கூல்ல ஒட்டகம்னாங்கக்கா. இன்னைக்கும் தண்ணி குடிக்கறப்ப யாராவது பாத்தா எனக்குக் கோவம் வரும்!"

ஊரார் முகத்தையெல்லாம் துலக்குகிறவள் வீட்டுப் பெண் வெறும் பரவாயில்லையா? என் தொழிலுக்கே இழுக்கு. என் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை பேர் பார்லருக்கு வருகிறார்கள். பயந்துபோய் வருகிறார்கள் என்று உன் மாமா சொல்வார், அதை விடு.

நோய் வேண்டாம். இத்துடன் பார்சல் வருகிறது: இரண்டு களிம்பு, ஒரு பொடி, புருவம் திருத்தும் நூல். ஒரு முனையைப் பல்லில் கடித்து, முறுக்கி, நான் செய்வேனே, அப்படியே இழு. விழாவுக்குள் அந்த அக்காக்கள் உன் பட்டத்தை மாற்றாவிட்டால் என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுகிறேன்.

கல்லுப்பிள்ளையார் போல் ஆரோக்கியமாக இருக்கும்,
அத்தை

விடுதி,
ஜனவரி 14

அத்தை,

பலகையைக் கழற்ற வேண்டாம். பட்டம் மாறிவிட்டது.

வலது புருவம் நன்றாகவே வந்தது. இடதுக்குப் போனபோது பக்கத்துக் கட்டில்காரி தும்மினாள். நான் துள்ளினேன். பாதிப் புருவம் நூலோடு வந்துவிட்டது. அக்காக்கள் அவசரக் கூட்டம் போட்டுப் பரவாயில்லையை ரத்து செய்து, புது நாடா அனுப்பியிருக்கிறார்கள்: "ஒன்றரைப் புருவம்."

அதைத் தைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்பு அழகி வந்து உட்கார்ந்தாள். முகராணிப் பட்டம் அவளுக்குத்தான். சிரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"வலிச்சுதா?" என்றாள்.

"கொஞ்சம்."

"உனக்கு வளந்துடும். எனக்கு ஒரு பரு வந்தா வாட்ச்மேன்லேருந்து வார்டன் வரைக்கும் துக்கம் விசாரிக்கறாங்கடி. இதுல ராணி வேற."

அவள் போன பிறகு எனக்கு ஜுரம் மாதிரி ஒரு கோபம் வந்தது. இன்னும் இறங்கவில்லை. அதனால் ஊருக்கு வரவில்லை, மேடையேறப் போகிறேன். நாடாவைப் போடுகிறவர்கள் தோளிலேயே அதைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். "நீ மொதல்ல போடு, பாக்கலாம்" என்கிறார்கள். பெண்களின் "பாக்கலாம்" எனக்குத் தெரியாதா? ஒருத்தியும் பின்னால் வராவிட்டால், இந்தப் புருவத்தோடு மேடையில் தனியாக நிற்பேன். பயம் அது ஒன்றுதான்.

நீங்கள் வராதீர்கள். விசிலடிப்பீர்கள்.

மருமகள்

அழகு நிலையம்,
ஜனவரி 17

அடிப் பாவிப்பெண்ணே,

நூலுக்கு நான் பொறுப்பு, தும்மலுக்கு இல்லை.

உனக்குப் புத்தி சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். "நீ சொன்ன வரைக்கும் போதும், அந்தப் பொண்ணுக்கு மிச்சப் புருவமாவது இருக்கட்டும்" என்றார் உன் மாமா. ஆகவே சொல்லவில்லை. வரவும் மாட்டேன். ஆனால் நினைப்பெல்லாம் உன் மேடையில்தான். இன்று ஒருத்திக்குத் தலைக்குப் போடும் சாயத்தைக் கைக்குப் போட்டுவிட்டேன்.

தனியாகவே நின்றாலும் நில். அப்படி நின்றாயானால் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அத்தை

விடுதி,
ஜனவரி 21

அத்தை! அத்தை! அத்தை!

முதல் பெயரே என்னுடையது. விடுதித் தலைவி அக்கா நாடாவைப் போட்டாள். பட்டத்தைப் படித்து அரங்கமே சிரித்தது. குனிந்தேன். நிமிரும்போது நாடாவைக் கழற்றி அவள் தோளில் போட்டேன்.

"நீங்களே வெச்சுக்கோங்கக்கா. நானே தெச்சது, நல்லா உழைக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து மூக்கழகி. அவள் நாடாவை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, சமர்த்தாக உட்கார்ந்துவிட்டாள். செத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்து முகராணி. அவளுக்கு நாடாவோடு கிரீடமும் உண்டு. அவள் கிரீடத்தை எடுத்துத் தலைவி அக்கா தலையில் வைத்து, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, சரிசெய்து, அப்புறம் நாடாவையும் போட்டாள். "கழுத்து வலிக்குதுக்கா. இனிமே நீங்க சுமந்துக்கோங்க."

அதற்குப்பின் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பூசணி வந்தாள். ஒட்டடைக்குச்சி ஓடியே வந்தாள். மூக்கழகிகூட எழுந்து வந்து தன்னுடையதைச் சேர்த்துப் போட்டாள். தலைவி அக்கா கண்வரை நாடாவில் புதைந்துபோனாள். கைதட்டலில் மைக் கத்தியது. தலைமையாசிரியை எழுந்து, "அடுத்த வருஷத்திலேருந்து நாடா கிடையாது" என்றார், ஏதோ தானே யோசித்ததுபோல.

பிறகு திரைக்குப் பின்னால் நாங்களே அந்த அக்காவை அவிழ்த்துவிட்டோம். அவள் அழுதிருந்தாள். "போன வருஷம் என்னைப் பல்லின்னு போட்டாங்க. கழட்டலாம்னு எனக்குத் தோணவே இல்லடி" என்றாள். முகராணி அவளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள்.

மருமகள்

அழகு நிலையம்,
ஜனவரி 25

என் தங்கமே,

உன் கடிதத்தைப் பார்லரில் சத்தமாகப் படித்தேன். நாலு நாற்காலியிலும் முகப்பூச்சு காய்ந்துகொண்டிருந்த நேரம். காயும்போது சிரிக்கக் கூடாது என்பது என் கடைச் சட்டம். கிரீடம் வந்த இடத்தில் நாலு முகமும் வெடித்து மடியில் உதிர்ந்தது. எல்லோருக்கும் மறுபடி பூசினேன், இலவசமாக. உன் மாமாவிடம் சொல்லாதே.

புதிதாக வந்தவள் ஒருத்தி, கண்ணை மூடியபடியே கேட்டாள்: "உங்க மருமக பாக்க எப்படி இருப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரம்மா முந்திக்கொண்டாள்.

"ஏன், தலைவி தோள்லயே நாடாவைத் திருப்பிப் போட்டவ மாதிரி இருப்பா!"

அப்படித்தான் இருப்பாய்.

அத்தை