மெஷின்தான் தப்பு என்றேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்பதை இன்றைக்குத்தான் பொய் கலக்காமல் எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் ஐந்து மாதக்காரரும் நலமா?

போன வாரம் போனில், உன் தங்கைக்கு லேசாக பிரஷர் என்று சொன்னேன் அல்லவா, அந்த ‘லேசாக’ என் சொந்தச் சரக்கு. நர்ஸ் சொன்னது, எட்டாம் மாதத்தில் நூற்றைம்பது நல்லதில்லை, மாத்திரையைத் தவறவிடாதீங்க, வீட்டிலும் தினம் பாருங்க என்பது. நானே போய் மெஷின் வாங்கி வந்தேன். புதன்கிழமை காலை அது நூற்று எழுபது காட்டியது. முப்பது வருடம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை போட்டவன், ஒரு ரப்பர் பட்டைக்கு மசிவேனா? என் கையில் கட்டிப் பார்த்தேன், சரி. உன் அம்மாவுக்கு, சரி. சின்ன மாப்பிள்ளைக்கு, அதுவும் சரி. ஆக, மூன்று பேரிடம் உண்மை பேசும் மெஷின் சின்னவளிடம் மட்டும் பொய் சொல்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். சம்பந்தியம்மா போனில், “மாசமா இருந்தா மூஞ்சி கையெல்லாம் வீங்கத்தான் செய்யும், நான் வீங்கலையா?” என்று வழிமொழிந்தார். சின்ன மாப்பிள்ளை தன் பங்குக்கு, டென்ஷன் ஆகாதே என்று பத்து தடவை சொல்லி அவளை டென்ஷனாக்கினார்.

மதியம் சின்னவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, “தலை பிளக்குதுப்பா, உங்க முகத்துல பாதிதான் தெரியுது” என்றாள். கண்ணாடி மாத்தணும்மா என்றேன். எழுதவே கை கூசுகிறது. உன் அம்மா அடுப்பை அணைத்தாள். “நீங்க மெஷினைப் பழுது பாருங்க, நான் என் பொண்ணைப் பாக்குறேன்” என்று செருப்புக்கூட மாட்டாமல் ஓடி வண்டி பிடித்தாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார், “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்து ரெண்டு உயிரும் போயிருக்கும்” என்று. ஊசி போட்டு பிரஷரை இறக்கி, சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள். சின்னவளுக்குப் பார்வை தெளிந்துவிட்டது, பிரஷரை மட்டும் இன்னும் சில வாரம் பார்க்க வேண்டுமாம். முதலில் சந்தேகப்பட்டது தான்தான் என்று சம்பந்தியம்மா வார்டு முழுக்கச் சொல்லி வருகிறார். மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றே ஒன்று, தலைவலியோ கண் மங்கலோ முகவீக்கமோ வந்தால் என்னிடம் கருத்துக் கேட்காதே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்குச் சொல், அவள் எனக்குச் சொல்லிக்கொள்வாள்.

அசடு வழிய, ஆசிகளுடன்,
உன் அப்பா