நீ போடாத வாக்கு

கர்க்லாண்ட், மொன்றியல்
18-01-2005, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜொய்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கச்சி சஜிதாவும் இங்கே சுகம். நீயும் டெனிஸ்டனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமா என்று கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது, அதனால் இவ்வளவு கோபத்திலும் கேட்கிறேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தரச் சொல்லிக் கேட்டாயா, கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் முழங்கால் இந்தக் குளிருக்கு மடங்க மாட்டேன் என்கிறது, ஆனாலும் பனி தள்ள யாரையும் விடுகிறார் இல்லை. நான் பிள்ளைகள் பார்க்கிற கார்டெரிக் காப்பகத்தில் அத்தனை பேருக்கும் சளி, அதில் பாதி எனக்கும் வந்துவிட்டது. சுனாமி வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய எல்லோரும் கோயில் ஹோலில்தான் நிற்கிறோம், முல்லைத்தீவுப் பக்கம் அனுப்பத் துணியும் போர்வையும் மடித்துப் பெட்டியில் அடுக்குகிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ ஒரு கிழமையாகப் போன் எடுக்கவில்லை. டெனிஸ்டன் எடுத்து, மாமி அவள் நித்திரை, மாமி அவள் குளிக்கிறாள் என்கிறார். ஒரு மனுசி ஒரு கிழமை முழுக்கக் குளிப்பாளா. அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக உன்னால் முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு இதில் பாதிதான் தெரியும். ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாள் அன்று பின்னேரம், உங்கள் அமெரிக்காவின் தேர்தல் முடிவை ஏற்றுக்கொள்கிற கூட்டத்தைச் செய்தியில் காட்டினார்கள். நீ இருக்கிற ஒஹாயோவின் முடிவை ஏற்க மாட்டோம் என்று கீழ்ச்சபையில் முப்பத்தொரு பேர் வாக்களித்தார்கள், செனட்டில் எழுபத்துநாலு பேருக்கு எதிராக ஒரேயொரு பெண் தனியாக நின்றா. ஆட்சியை மாற்றுவதற்கில்லை, மழையில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற சனத்தின் கதையை இந்தச் சபை ஒருதரமாவது கேட்கட்டும் என்பதற்காகத்தான் என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மன்னாரில் படிப்பித்த காலத்தில் மூன்று தேர்தலுக்கு வாக்குச்சாவடி வேலைக்குப் போனவள் என்று உனக்குத் தெரியும். எண்ணி முடித்து, கையெழுத்தும் வைத்து, முத்திரையும் குத்தியாயிற்று என்றால் அதோடு முடிந்தது, தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டும், அப்படித்தான் நான் பழகியது. இவர்கள் தோற்ற எரிச்சலில் ஒரு நாட்டின் தேர்தலையே அவமானப்படுத்துகிறார்கள் என்று அப்பாவிடம் கத்தினேன். அப்பா, அது அவையின்ரை நாட்டுப் பிரச்சினை, நீ ஏன் கத்திறாய் என்றார்.

அடுத்த ஞாயிறு ஹோலில் போர்வை மடித்துக்கொண்டு நிற்கும்போது இந்தக் கதை வந்தது. அருமைராசாவை உனக்கு நினைவிருக்கும், புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்காத மனிசன். அவர் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு, அந்த ஒருத்திக்காவது எழும்பி நிக்கத் துணிவு வந்துதே, வரிசையிலை நிண்ட சனம் வேலைக்கு நேரம் போகுதெண்டு போடாமலே திரும்பிப் போனதாம் என்று சொன்னார். நான் விட்டேனா. திரும்பிப் போனவை போட மனமில்லாமல் போனவை, என்ரை மகள் அந்த ஊரிலைதான் இருக்கிறாள், அஞ்சு மாச வயித்தோடை நிண்டு போட்டவள் என்று சொன்னேன். நீ கோட்டில் அந்த வாக்களித்தேன் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு சிரித்த படத்தை, சஜிதா பிரின்ட் எடுத்துத் தந்தது என் கைப்பைக்குள்ளேயே இருந்தது, அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாக்குச்சாவடியின்ரை வாசலையே காணாத ஆள் எனக்குத் தேர்தல் படிப்பிக்க வேண்டாம் என்று ஹோலுக்கே கேட்கச் சொன்னேன். சனம் சிரித்தது. அருமைராசா கையில் இருந்த நாடாவைப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு வெளியே போனார், அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லத்தான் பின்னேரம் போன் எடுத்தேன். நீ வேலையில், டெனிஸ்டன் எடுத்தார். நான் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாக, மாமி அவள் போடேல்லை என்றார். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். காலமை பத்தேகாலுக்குப் போனாளாம், பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வரிசையாம், அத்தனை சனத்துக்கும் வாக்குப் போட மூன்றே மூன்று மெசினாம், அதில் ஒன்று மத்தியானத்துக்குப் பிறகு வேலை செய்யவில்லையாம். மழையில் நின்றாளாம். முன்னால் நின்ற ஒரு வயதான கறுப்பினப் பெண் தான் கொண்டுவந்த மடக்குக் கதிரையை இவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் நின்றாவாம். மூன்று மணிக்கு ஷிப்ட், இரண்டு நாற்பது வரைக்கும் பார்த்தாளாம், முன்னால் இன்னும் அறுபது எழுபது பேராம், கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளாம். அந்த ஸ்டிக்கர் அவளோடு வேலை செய்கிற ஒருத்தியிடம் மிச்சம் இருந்ததாம். மாமிக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவள், நான் சொன்னதெண்டு தெரியவேண்டாம் என்றார் டெனிஸ்டன். பாவம் அவர், அவருக்கு நான் வாக்குக் கொடுத்தேன், அடுத்த நாளே உன்னிடம் கேட்டு அந்த வாக்கையும் மீறினேன்.

நீ திங்கட்கிழமை எனக்குச் சொன்ன பதில் இருக்கிறதே பிள்ளை, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பொய் சொன்னதைக்கூட நான் ஒரு பக்கம் வைக்கலாம். நான் சந்தோஷப்படுவேன் என்று சொன்னாய், சரி. ஆனால், ஒரு வோட்டுத்தானே அம்மா, போட்டிருந்தாலும் எங்கடை ஆள் தோத்துத்தான் இருப்பார், இதைப் பெரிசாக்காதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். ஒரு வோட்டுத்தானே. எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் நான் விரலுக்கு மை பூசுகிற வேலையில் இருந்தேன், நேரம் முடிகிறபோது வெளியே இன்னும் சனம் நின்றது. எங்கள் தலைமை அலுவலர் கடைசியாக நின்ற ஆளுக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரரைக் கொண்டுபோய் நிறுத்தி, இவருக்கு முன்னால் நிற்கிற ஒருவரும் போடாமல் போகக்கூடாது என்றார். விளக்குக் கொளுத்திப் போடவைத்தோம். மேசையும் கதிரையும் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிச் செய்த தேர்தல் அது. சந்திரனில் ஆள் இறக்கின நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு மெசின் வைக்க முடியவில்லையா. வைக்காமல் விட்டுவிட்டு, வந்து நின்றவளை நாலரை மணித்தியாலம் நனையவிட்டுவிட்டு, பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று ஒரு சபை கைதூக்குகிறது, அதற்கு மொன்றியலில் இருந்துகொண்டு உன் அம்மா கைதட்டியிருக்கிறாள். எனக்கு என்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாக்குச்சாவடிக்குள்ளே இருந்து எண்ணின எனக்கு, உள்ளே வரமுடியாமல் போனவர்களை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை என்ற புத்தி ஒருநாளும் வரவில்லை. அந்தத் தாளில்தான் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை இல்-பிசாருக்கு அருமைராசா வீட்டுக்குப் போனேன். அப்பா காரை எடுக்க மாட்டேன் என்றார், மனிசன் மறந்திருப்பான், நீ போய்ப் புண்ணைக் கிளறாதை என்று. நான் பஸ்ஸில் போனேன், சனிக்கிழமையில் அந்தத் தீவுக்குப் பஸ் வருகிற விதம் உனக்குத் தெரியும், நாற்பது நிமிடம் கால் விறைக்க நின்றேன், நிற்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து என்னைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டா, ஆனாலும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. நான் கோட்டைக் கழற்ற முதலே அருமைராசாவிடம் சொல்லிவிட்டேன், தம்பி என்ரை மகள் போடேல்லை, திரும்பிப் போனவையிலை அவளும் ஒருத்தி, நான் பொய்ப் படத்தைக் காட்டி உங்களைப் பாத்துச் சனத்தைச் சிரிக்க வைச்சிட்டன் என்று. அதற்கு அவர் சொன்னார், டீச்சர் நீங்கள் சொன்னதிலை ஒண்டு உண்மை, நான் வாக்குச்சாவடி வாசலைக் கண்டதே இல்லை, ஊரிலை எனக்குப் பதினெட்டு வயசு வரேக்கை சண்டை, இங்கை வந்து ஒன்பது வருசமாச்சு, இன்னும் குடியுரிமைப் பேப்பர் வரேல்லை, எனக்கு நாப்பத்தொண்டு வயசு, ஒருக்கால் கூடப் போட்டதில்லை, அதாலைதான் வரிசை வரைக்கும் போய்த் திரும்பின சனத்தை நினைக்க எனக்குத் தாங்கேல்லை என்றார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். இங்கை வந்து சொல்லிறது லேசு டீச்சர், நீங்கள் ஏசினது அத்தனை சனத்துக்கு முன்னாலை என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஆகவே நேற்று முன்தினம் ஞாயிறு பூசை முடிய, எல்லோரும் பெட்டிகளைச் சுற்றி நின்றபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன், போன கிழமை அருமைராசாவை நான் ஏசினது பிழை, அவர் சொன்னதுதான் சரி, எழும்பி நிண்ட அந்தச் சனம் செய்ததும் சரி என்று. உன் பேரைச் சொல்லவில்லை. உன் சம்மதம் இல்லாமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், பயம் என்றும் சொல்லலாம். எங்களோடு பெட்டி அடுக்குகிற பிலோமினம்மா விடுகிற ஆளா. என்ன டீச்சர் ஒரு கிழமைக்குள்ளை இப்பிடி மாறிட்டியள், மகள் போட்ட படமெல்லாம் காட்டினியளே, அவள் என்ன சொல்லிறாள் என்று கேட்டா. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது அருமைராசா, உன் கதை முழுவதும் தெரிந்த அந்த மனிசன், போர்வைக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பிலோமினம்மாவின் கையில் வைத்து, அக்கா டீச்சர் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டா, லொறி வரப்போகுது, இதைக் கட்டுங்கோ என்றார். அவ்வளவுதான். நான் அவரைச் சபையில் வைத்து அவமானப்படுத்தினேன், அவர் அதே சபையில் என் மகளின் பொய்யை மூடிவைத்தார். இதற்கு நான் வெட்கப்படுகிற அளவு நீயும் வெட்கப்படவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், மன்னிப்புக் கடிதம் எதுவும் எனக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது இதுதான். ஒரு தாளை எடு. எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மெசின், எது எப்போது நின்றது, எத்தனை மணிக்கு வரிசையை விட்டாய், முன்னால் எத்தனை பேர் நின்றார்கள், அந்த அம்மா கதிரை தந்தது, எல்லாவற்றையும் எழுது. நீ அந்த நாட்டுப் பிரஜையாகச் சத்தியம் செய்தபோது எழுதின முழுப் பேரையும் போட்டுக் கையெழுத்து வை. அந்த முப்பத்திரண்டு பேரில் யாராவது ஒருவருடைய அலுவலகத்துக்கு அனுப்பு. நாளை மறுநாள் வியாழக்கிழமை பதவியேற்பு என்று எனக்குத் தெரியும், உன் கடிதம் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்திருக்கும், ஒன்றும் மாறாது என்றும் தெரியும். மாறாது என்று தெரிந்துகொண்டுதான் அவர்களும் எழும்பி நின்றார்கள். ஒரு பிரதி எனக்கு அனுப்பு, அதை நான் அருமைராசாவிடம் கொடுக்கவேண்டும். அவர் கேட்கவில்லை. நீ சம்மதித்தால் பிலோமினம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

டெனிஸ்டனை ஒரு சொல்லும் சொல்லாதே. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் அந்தப் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். இரும்புக் குளிசையை மறக்காமல் போடு, வேலை முடிந்து வந்தால் காலை உயர்த்தி வைத்துப் படு. மார்ச் பத்தாம் திகதிக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்பா பிறகு வருவார். நீ போன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான் வருகிறேன், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சாப்பிடுகிற சரக்கு இடித்துக்கொண்டு வருகிறேன். மாதா உன்னையும் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கவேண்டும் என்று இரவும் காலையும் செபிக்கிறேன், அதில் கோபத்துக்கு இடமில்லை. பிள்ளை பிறந்து வளர்ந்து, உங்கள் முதல் தேர்தலில் யாருக்கு அம்மா போட்டீர்கள் என்று ஒருநாள் கேட்கும். அதற்கு உண்மையைச் சொல்லு, நாலரை மணித்தியாலம் மழையில் நின்றேன், என்னைப் போட விடவில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லு. அந்தப் பொய்யை விட அது எவ்வளவோ பெருமையான பதில்.

முத்தங்களுடன்,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
அக்னெஸ் அருமைநாதன்