மேடையில் பெருக்கிய உன் கூலி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது. வீடு நிம்மதியாக இருப்பதாக உன் அம்மா எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். ஏணியின் மேல்படியில் நின்று பிழைக்கும் நீ அங்கே ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஓயாத நினைவு.

தொண்டை கட்டியது தொழிலாளர் கூட்டத்தில். உழைப்பின் மாண்பை நான் முழங்கிக்கொண்டிருக்க, முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பொறுக்க மாட்டாமல் உன்னை மேடைக்கு இழுத்துவிட்டேன். விடுமுறை நாளில் குளிர்பதனக் கிடங்குக்கு ஓடிப்போய் மின்பழுது நீக்கியதற்கு மணிக்கு நூற்றைம்பது தந்தார்கள் என்று போன மாதம் சொன்னாயல்லவா, அதை நாளுக்குப் பத்து மணி, மாதத்துக்கு முப்பது நாள் என்று பெருக்கி, மாநகரில் என் மகள் மாதம் நாற்பத்தைந்தாயிரம் ஈட்டுகிறாள் என்று அறைந்தேன். கொட்டாவி விட்டவரே எழுந்து நின்று கைதட்டினார். உன் ஓய்வு நாள்களையும் சேர்த்து விற்றுவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் மாமாவுக்கு உறைத்ததோ வேறு. பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோப்புகளுக்கு எண் போடுகிற மனிதர், மறுநாள் விடிந்ததும் வந்து, "மச்சான், நான் வேலைய விடுறேன், பாப்பாகிட்டயே எலக்ட்ரீஷியன் வேலை கத்துக்கிறேன், மூணே வருஷம், வீடு கட்டிடுவேன்" என்றார். விலகல் கடிதத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மிக்சி சுவிட்சைச் செருப்புப் போட்டுக்கொண்டு தட்டுகிறவர்! உன் அம்மா, "டேய், பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரக் கூப்புடுவே, நீயா?" என்று சிரித்தாள், பிறகு அவருடைய மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வரவே, அடுப்படிக்குள் போய்விட்டாள். ஒன்றாம் தேதி கடிதத்தைக் கொடுத்தே தீருவாராம். என் கணக்குத்தான் தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். "பொண்ணு சம்பாதிக்கிறத எங்க நாங்க கண்ணு வச்சிடுவோமோன்னு மறைக்கிறீங்க" என்கிறார். மேடையில் சொன்னால் நம்புகிறவர், கூடத்தில் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

ஆகவே, ஒன்றாம் தேதிக்கு முந்திய ஞாயிறு அதே மேடையில் ஏறி என் கணக்கை நானே மறுக்கப் போகிறேன். மாமாவுக்கு முன்வரிசையில் நாற்காலி சொல்லியாயிற்று. இக்கடிதம் கண்டதும் எனக்கு உண்மையைச் சொல். சாதாரண நாளில் மணிக்கு எவ்வளவு, வண்டியில் கழியும் கூலியில்லா நேரம் எவ்வளவு, பயிற்சியில் பாதிக் கூலிக்குச் சுவர் துளைத்தது எத்தனை ஆண்டு, எல்லாம் சொல். ஐந்தாண்டுகளாக இதை நான் உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது, எழுதும்போதுதான் தெரிகிறது.

முதன்மை இணைப்பைத் துண்டிக்காமல் கம்பியைத் தொடாதே. உன்னிடம் இதைச் சொல்லத் தகுதியில்லாதவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீடு வாழ்க, நிமிர்ந்து வாழ்க. வாடகையும் செலவும் போக உன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை மட்டும் அம்மாவிடம் தனியாகச் சொல். என் காதில் விழுந்தால் அதுவும் மேடை ஏறிவிடும்.

உன் வருவாயை உன்னைக் கேளாமலே உயர்த்திய,
அப்பா